ஆள் மாறியும் ஓயாத சண்டை

எங்கள் தொழிற்சாலையில் புரொடக்‌ஷனுக்கும் மெயின்டனன்ஸுக்கும் ஆகாது. பிளானிங் பிரிவில் நான் சேர்ந்தபோது காதில் விழுந்த முதல் தகவலே அதுதான். ஏன் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். மெயின்டனன்ஸ் மேனேஜர் சரியான முசுடு என்றார் ஒருவர். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அன்றைய எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்றார் இன்னொருவர். பிறகு, முசுடு என்று பேரெடுத்தவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் எல்லோர் தோளிலும் கைபோட்டுப் பேசுகிற ரகம். வருஷம் திரும்புவதற்குள் அவரும் முசுடாகிவிட்டார். இந்தப் பக்கமும் ஆள் மாறினார். புதிதாக வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் பழையவரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் பழையவரின் வசனத்தை வரி பிசகாமல் பேசினார்: "மெஷினை அவங்க கையில கொடுத்தா எப்ப திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது சார்."

நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே வசனம்தான் வருகிறது என்றால், அதை எழுதிக் கொடுப்பது நாற்காலிதான். ஒரு சண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டால் இப்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது, இவர்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர்களும் சண்டை போட்டார்களா என்பதைத்தான். ஆமாம் என்று பதில் வந்தால் குணத்தைப் பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு ஏற்பாட்டைப் பார்க்க ஆரம்பிப்பேன். யாருக்கு எந்தத் தகவல் எப்போது போகிறது? யாரை எதை வைத்து அளக்கிறார்கள்? ஒருவர் எடுக்கிற முடிவின் வலி யார் தலையில் விடிகிறது? அமைப்புச் சிந்தனை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதில், சண்டைகளைப் பொறுத்தவரை முக்கால்வாசி இந்த மூன்று கேள்விகள்தான்.

கொஞ்சம் கிட்டே போய்ச் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறும் மேஜையில் ஒரு லாக் புக் கிடக்கும். கிரீஸ் விரல் பதிந்த பக்கத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் எழுதியிருப்பார்: "ஸ்பிண்டில் பேரிங்கில் சத்தம். மெஷின் கேட்டோம். தரவில்லை." (ஸ்பிண்டில் என்பது மெஷினில் சுழலும் தண்டு, பேரிங் அதைத் தாங்குவது.) அதன் கீழே வேறு கையெழுத்தில், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்: "நாலு மணி நேரம் கேட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை." அதற்கும் கீழே மறுநாள் தேதியில்: "ஸ்பிண்டில் ஜாம். மெஷின் டவுன்." உண்மையான போர் அதற்குப் பிறகுதான். மெஷின் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? மெஷின் கோளாறு என்று எழுதினால் மெயின்டனன்ஸ் தலையில் ஏறும். ஆபரேட்டர் தவறு என்றால் புரொடக்‌ஷன் தலையில். காலை மீட்டிங்கில் பேரிங் ஏன் போனது என்று ஐந்து நிமிஷம் பேச ஆள் இருக்காது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு அரை மணி நேரம் போகும்.

இரண்டு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். புரொடக்‌ஷன் சொன்னது: பிரேக்டவுன் வந்து வந்து ஏற்கெனவே பின்தங்கிக் கிடக்கிறோம், இந்த லட்சணத்தில் ஓடுகிற மெஷினையும் நிறுத்திக் கொடுக்க முடியுமா? மெயின்டனன்ஸ் சொன்னது: பராமரிப்புக்கு மெஷினே தருவதில்லை, பிரேக்டவுன் வராமல் என்ன செய்யும்? இரண்டு பேர் சொன்னதும் நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் அது ஒரு வட்டம் என்று தெரிகிறது. பிரேக்டவுன் கூடினால் எண்ணிக்கை பின்தங்கும். பின்தங்கினால் பராமரிப்புக்குக் கிடைக்கும் நேரம் குறையும். அது குறைந்தால் தேய்மானம் கூடும். தேய்மானம் கூடினால் மறுபடி பிரேக்டவுன். ஒவ்வொருவரும் தனக்கு வலிக்கிற இடத்திலிருந்து வட்டத்தை எண்ணத் தொடங்குகிறார். அதனால் அவரவர் கதையில் எதிராளிதான் ஆரம்பித்து வைத்தவர்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சுழலும் ஓடியது. இரண்டு மணி நேர வேலைக்கு மெயின்டனன்ஸ் நாலு மணி நேரம் கேட்கும். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்பது அவர்கள் அனுபவம். கேட்பதில் பாதிதான் உண்மையில் தேவை என்பது புரொடக்‌ஷனின் அனுபவம், அதனால் பாதியாக வெட்டும். போன தடவை எதிராளி செய்ததற்கு இது புத்திசாலித்தனமான பதில். எதிராளியின் அடுத்த தடவைக்கு இதுவே காரணம். கேட்கிற நேரம் ஊதிக்கொண்டே போனது, கொடுக்கிற நேரம் சுருங்கிக்கொண்டே போனது. இரண்டு பேரில் ஒருவரும் பொய்யர் இல்லை. ஆனால் இரண்டு பேருமே அடுத்தவரைப் பொய்யர் என்று சத்தியம் செய்வார்கள்.

தொழிற்சாலைக்குள் இப்படித் தேடிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜே ஃபாரஸ்டர் அடிப்படையில் மின் பொறியாளர். 1956-ல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மேலாண்மைப் பள்ளிக்குப் போனவர். கென்டக்கியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளிலிருந்து ஒரு புதிரோடு அவரிடம் வந்தார்கள். சில காலம் மூன்று நாலு ஷிஃப்ட் ஓட்டியும் போதவில்லை, சில வருஷம் கழித்துப் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. சந்தை அப்படி ஏறி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபாரஸ்டர் ஒரு நோட்டை எடுத்து, கையிருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று பத்தி போட்டுக் கையாலேயே கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தால்கூட அவர்களுடைய சொந்த விதிகளும் தாமதங்களுமே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று கணக்கு காட்டியது.

அதே எம்ஐடியில் பிறந்த ஒரு விளையாட்டு இன்றும் வகுப்புகளில் ஆடப்படுகிறது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பீர் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். வாடிக்கையாளரின் தேவை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து ஒரே ஒருமுறை 8-க்கு ஏறி அப்படியே நின்றுவிடும். ஆட்டத்தில் நடக்கிற மாற்றமே அவ்வளவுதான். ஆனால் சரக்கு தீர்ந்து, பிறகு மலையாகக் குவிந்து, நாலு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு எழுவார்கள். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரையச் சொன்னால், தாறுமாறாக ஏறி இறங்கும் கோட்டைத்தான் பெரும்பாலோர் வரைவார்கள். தங்கள் ஏற்பாடே கிளப்பிய அலைக்கு முகம் தெரியாத ஒருவர்மேல் பழி.

எங்கள் சண்டையின் வட்டத்தை நாங்கள் எப்படி வரைந்தோம் என்பதைச் சொன்னால் யாருக்காவது உதவும். பெரிய தாள் ஒன்று, பென்சில், ரப்பர். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பெட்டி, எது எதைக் கூட்டுகிறது குறைக்கிறது என்று காட்ட ஒரு அம்பு. பேனா கூடாது. பேனாவால் போட்ட அம்பை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெட்டிக்குள் எழுதுவது கூடக் குறையக் கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்: "கேட்ட நேரம்", "கிடைத்த நேரம்", "பின்தங்கிய எண்ணிக்கை", "பேரிங் தேய்மானம்". ஆள் பெயர் எழுதக்கூடாது. "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுத வந்தால், அது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டு அதை எழுதச் சொன்னோம். "அவர்கள் சொல்வதில் நம்பிக்கை" என்ற பெட்டியை மட்டும் அனுமதித்தோம். அதுவும் கூடும் குறையும் சரக்குதான், ஏறுவது நத்தை வேகம், இறங்குவது ஒரே நாளில். ஒவ்வொரு பெட்டியிலும் "சரி, அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே போனால் அம்பு எங்கேயாவது சுற்றிப் பழைய இடத்துக்கு வந்து சேரும். ஒருவர் ஒத்துக்கொள்ளாத அம்பைப் புள்ளிக்கோடாகப் போட்டோம், வாரக் கடைசியில் லாக் புக்கைப் புரட்டிச் சரிபார்த்தோம். விளைவு தாமதமாக வருகிற அம்பின் குறுக்கே இரண்டு கோடு. இந்த இரண்டு கோட்டு அம்புகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தவறியது ஒருவர், மாட்டிக்கொள்வது வேறொருவர் என்று ஆகிற இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தாள்முன் நடந்த ஒன்று எனக்குப் பிடித்தமானது. புரொடக்‌ஷன் மேனேஜர் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பென்சிலை வாங்கி, "பின்தங்கல்" பெட்டியிலிருந்து தாளின் ஓரத்துக்கு ஒரு அம்பு இழுத்தார். சரக்கு தாமதமானால் வாடிக்கையாளர் போன் செய்வார். சேல்ஸ் ஓடி வந்து "இது அவசரம்" என்று ஒரு ஆர்டரை வரிசையில் முன்னே நுழைக்கும். அதற்காக ஓடுகிற ஜாபைக் கழற்றி வேறு செட்டிங் போட வேண்டும். செட்டிங்கில் நேரம் போகும். மற்ற ஆர்டர்கள் இன்னும் தாமதமாகும். அவையும் அவசரமாகும். "எல்லா ஆர்டரும் அவசரம்னு வந்தா எது சார் அவசரம்?" என்றார். இரண்டு துறைச் சண்டை என்று எல்லோரும் நம்பியிருந்ததில் மூன்றாவது ஒரு துறை, அறைக்குள் வராமலே, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. மறுவாரம் சேல்ஸையும் கூப்பிட்டோம். பிளானிங்குக்கும் ஒரு பெட்டி விழுந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரைகிறவர் கை தாளுக்கு வெளியே இருக்க முடியாது.

எதிராளி செய்த அளவுக்குத்தான் நாமும் திருப்பிச் செய்தோம் என்ற எண்ணத்தை எவ்வளவு நம்பலாம்? லண்டனில் நரம்பியல் ஆய்வாளர்கள் செய்து 2003-ல் வெளியிட்ட எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர். ஒருவர் விரல்மேல் கருவி லேசாக அழுத்தும். அவர் அதே அளவு விசையில் மற்றவர் விரலை அழுத்த வேண்டும். மற்றவரும் வாங்கிய அதே அளவைத் திருப்பித் தர வேண்டும். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. விசை ஒவ்வொரு முறையும் சராசரியாக 38 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பேருமே தான் வாங்கியதைத்தான் கொடுத்ததாக நினைத்தார்கள். நாமே உண்டாக்கும் விசையை மூளை குறைத்து உணர்கிறது, வெளியிலிருந்து வருவதை முழுசாக உணர்கிறது. விரல் அழுத்தத்துக்கே இந்தக் கதி என்றால் மின்னஞ்சலில் மேலதிகாரியைச் சேர்த்து அனுப்புகிற "அன்பான நினைவூட்டல்" பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் "சரிக்குச் சரி" என்ற கொள்கையை நான் நம்புவதில்லை. சரிக்குச் சரி என்று நினைத்துச் செய்தாலே மேலே போய்விடும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்தான் சமமாகவாவது இருக்கும்.

நாடுகளுக்கு இடையில் இதே ஏற்றத்தைக் கணக்காக எழுதியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். வானிலை ஆய்வாளர், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் படையில் பணிபுரிந்தவர். ஒரு நாட்டின் ஆயுதக் குவிப்பை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று அவர் சமன்பாடு போட்டார். எதிராளியின் ஆயுதம் தரும் பயம் ஏற்றும். சொந்தச் செலவின் களைப்பு இறக்கும். பழைய மனக்குறை எப்போதும் அடியில் நின்று தள்ளும். எனக்கு இதில் பயன்பட்டது மூன்றாவது. பயத்தையும் செலவையும் சரிசெய்துவிட்டு, "மூணு வருஷத்துக்கு முன்னாடி மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னார்ல?" என்கிற மனக்குறையைத் தொடாமல் விட்டால் எந்திரம் முழுசாக நிற்பதில்லை. அதற்கு வரைபடம் உதவாது. சம்பந்தப்பட்டவர் நேரில் போய்ப் பேச வேண்டும். எங்கள் இடத்தில் அது கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது, என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, என்ன மாற்றினோம்? எங்கே கை வைப்பது என்பதற்கு அமைப்புச் சிந்தனையாளர் டொனெல்லா மெடோஸ் 1999-ல் தந்த பட்டியல் எனக்குக் கைகொடுத்தது. ஒரு அமைப்பில் தலையிடக்கூடிய 12 இடங்களை வலுவின் வரிசையில் அடுக்கியிருக்கிறார். அதில் கடைசியில் கிடப்பது எண்களைத் திருகுவது. நாலு மணி நேரமா மூணு மணி நேரமா, அபராதம் இவ்வளவா அவ்வளவா என்கிற வகை. தகவல் யாருக்குப் போகிறது என்பது அதைவிட மேலே, விதிகள் அதற்கும் மேலே, குறிக்கோள் இன்னும் மேலே. நாங்கள் அதுவரை போட்ட சமரசமெல்லாம் எண்களைத் திருகியதுதான்.

முதலில் தகவல். பேரிங் கெடப் போகிறது என்பது அதிர்வு அளவில் வாரக்கணக்கில் முன்னாடியே தெரியும். ஆனால் அந்த அளவு மெயின்டனன்ஸின் கம்ப்யூட்டரில் இருந்தது. புரொடக்‌ஷனுக்குத் தெரிந்ததெல்லாம் "மெஷின் வேணும்" என்ற வாய்ச்சொல். அந்த அளவை ஒரு வரைபடத் தாளில் மெஷின் பக்கத்திலேயே மாட்டினோம், ஆபரேட்டரே வாரம் ஒருமுறை புள்ளி வைத்தார். கோடு ஏறுவதை அவரே பார்த்த பிறகு, மெஷினை எடுங்கள் என்று மெயின்டனன்ஸைக் கூப்பிட்டதே ஆபரேட்டர்தான். "அண்ணே, சிவப்புக் கோட்டைத் தொடப்போகுது, என்னைக்கு வர்றீங்க?" என்று ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கேட்டார். சொன்ன வாயை நம்ப வேண்டிய அவசியமே போய்விட்டது.

அடுத்தது விதி. பராமரிப்பு நேரத்தைக் கேட்டு வாங்குகிற வழக்கத்தையே எடுத்தோம். வாராந்தரப் பிளானைப் போடும்போதே ஒவ்வொரு மெஷினுக்கும் அந்த நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் எண்ணிக்கை போட்டோம். கேட்பவர், கொடுப்பவர் என்ற இரண்டு வேஷமும் அதோடு கலைந்தது. கேட்டால்தானே ஊதிக் கேட்க வேண்டும்? வெட்டினால்தானே பயப்பட வேண்டும்? மெயின்டனன்ஸ் சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தரவில்லையென்றால், அல்லது புரொடக்‌ஷன் நேரத்தைப் பிடுங்கினால், அன்றைக்கே மெஷின் பக்கத்தில் நின்றபடி பத்து நிமிஷம் பேசித் தீர்க்க வேண்டும். முதல் தடவை பேச்சோடு சரி. திரும்பத் திரும்ப நடந்தால்தான் மேலே போகும். இதை நாங்கள் சும்மா யோசித்து வைக்கவில்லை. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம், பொது மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடிப்பு இவற்றைச் சண்டையில்லாமல் நீண்டகாலம் பகிர்ந்துகொண்ட சமூகங்களை ஆராய்ந்தார். தவறுக்குச் சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் தண்டனையும், செலவில்லாமல் சீக்கிரம் பேசித் தீர்க்க ஒரு இடமும் அவற்றில் பொதுவாக இருந்தன. முதல் தவறுக்கே பெரிய அபராதம் போடுகிற இடங்களில் எல்லோரும் தவறை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

கடினமானது அளவுகோல். மெஷின் திட்டமிடாமல் நின்ற நேரத்தை இரண்டு துறைத் தலைவர்கள் கணக்கிலும் முழுசாக எழுதுவது என்று முடிவு. பாதிப் பாதி இல்லை, இரண்டு பேருக்கும் முழுசு. காரணம் தனி நோட்டில் இருக்கும், கற்றுக்கொள்ள மட்டும். இதற்கு மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் பட்ட பாடு பெரிது. தலைமையகத்துக்குப் போகும் மாத அறிக்கையில் "பொறுப்பான துறை" என்று ஒரு பத்தி இருந்தது, அதைக் காலியாக விடக்கூடாதாம்! இரண்டு பெயரையும் எழுதி அனுப்பினோம். அந்த ஒரு மாற்றத்தோடு காலை மீட்டிங்கின் தலைப்புச் சண்டை நின்றது. எழுதி என்ன, எப்படியும் நம் கணக்கில்தானே வரும் என்று ஆனதும் பேச்சு பேரிங்குக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், மற்ற இரண்டையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை. இப்படிச் சுழலைத் திருப்பினால் நிலைமை முதலில் மோசமாகும். பராமரிப்புக்கு நேரம் போனதால் ஆரம்ப வாரங்களில் எண்ணிக்கை சரிந்தது. பழைய தேய்மானமோ உள்ளேயே இருந்தது, பிரேக்டவுன் உடனே குறையவில்லை. இரண்டு பக்கமும் அடி. வலி இன்றைக்கு, பலன் இரண்டு கோட்டு அம்புக்கு அந்தப் பக்கம். நல்ல ஏற்பாடுகள் செத்துப்போவது இந்த இடைவெளியில்தான். அதனால் தொடங்கும் முன்பே ஆலைத் தலைவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம்: எண்ணிக்கை முதலில் குறையும், ஏறத்தாழ எப்போது திரும்பும், எந்த அறிகுறி தெரிந்தால் நாங்கள் நினைத்தது தவறு என்று நிறுத்திவிடலாம். அவர் கூப்பிட்டுக் கேட்டபோது அந்தத் தாளைத்தான் காட்டினோம். முன்கூட்டிச் சொன்ன சரிவு கணிப்பு, சொல்லாத சரிவு சாக்கு.

தாமதம் என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 1962 அக்டோபரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கியூபா ஏவுகணை நெருக்கடியில் வாஷிங்டனும் மாஸ்கோவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் சங்கேதம் மாற்றி, மொழிபெயர்த்து, கைக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனது. ஒரு கடிதத்துக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முரணான அடுத்த கடிதம் வந்துவிழுந்தது. நெருக்கடி தீர்ந்த பிறகு 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் இரு நாடுகளும் ஒரு நேரடித் தொடர்பு ஒப்பந்தம் போட்டன. சிவப்பு டெலிபோன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எழுத்தைத் தட்டச்சாக அனுப்பும் டெலிபிரின்டர் இணைப்பு. குரலில் அவசரமும் கோபமும் கலந்துவிடும், எழுத்தை நிதானமாக மொழிபெயர்க்கலாம். பகை அப்படியேதான் இருந்தது. இடையில் இருந்த தாமதத்தை மட்டும் எடுத்தார்கள்.

வீட்டுக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அக்கா கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். தம்பி தூரத்தில். அவனுக்கு விளக்கிச் சொல்லும் நேரத்தில் வேலையையே முடித்துவிடலாம் என்று அக்கா சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒன்றும் தெரியாததால் அவன் போனில் சொல்கிற யோசனையெல்லாம் அபத்தமாக இருந்தது. அதைக் கேட்டு எரிச்சலில் அவள் இன்னும் தனியாக முடிவெடுத்தாள். தன்னைக் கேட்பதே இல்லை என்று அவன் ஒதுங்கினான். மானுடவியலாளர் கிரிகரி பேட்சன் 1935-லேயே இந்த மாதிரிப் பிளவை விவரித்திருக்கிறார். ஒருவர் கூடச் செய்யச் செய்ய மற்றவர் குறையச் செய்வது ஒரு வகை, இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஏறுவது இன்னொரு வகை. தொழிற்சாலையில் எங்களுடையது இரண்டாவது வகை, வீட்டில் முதல் வகை. வகை தெரிந்தால்தான் மருந்து. போட்டி போட்டு ஏறுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு குறிக்கோள் வேண்டும். ஒருவர் சுமந்து ஒருவர் ஒதுங்குகிற இடத்தில், ஒதுங்கியவர் கையில் முழுசாக ஒரு வேலை வேண்டும். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணு" என்பது வேலை இல்லை. இன்சூரன்ஸ் பேப்பர், மருந்து வாங்குவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மூன்றும் இனி தம்பி பொறுப்பு என்று ஆனது. டாக்டர் சொன்னதை அக்கா குரல்பதிவாகத் தம்பிக்கும் எனக்கும் போட்டுவிடுவாள்.

நடுவில் இருந்த எனக்கு இன்னொரு வேலை இருந்தது: இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் சொல்வதைக் கேட்பது. இரண்டு பேருக்குள் பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொண்டு முக்கோணமாகிவிடும் என்று குடும்பங்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் மர்ரே போவன் சொல்கிறார். முக்கோணம் சொகுசானது. புலம்பியவருக்கு மனசு லேசாகும், கேட்டவருக்குப் பெரிய மனுஷப் பெருமை, பிரச்சினை அதே இடத்தில் கிடக்கும். "அதை அவன்கிட்டயே சொல்லுக்கா, வேணும்னா நானும் கூட இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அக்காவுக்கு முதலில் கோபம்தான். "உங்கிட்ட சொல்றதுக்கும் வழியில்லையா?" என்றாள்.

எல்லாச் சண்டையையும் சுழலாக வரையலாம், எல்லாவற்றையும் வரையக்கூடாது. ஒருவர் அடிக்கிறார், மிரட்டுகிறார், திருடுகிறார் என்றால் அங்கே வட்டம் போட்டு "இருவருக்கும் பங்கு உண்டு" என்பது அநியாயம். பலம் ஒரு பக்கமே குவிந்திருக்கும்போது கீழே இருப்பவர் அம்பை எங்கே போட முடியும்? மேலதிகாரி அறைக்குள் இருந்தால் தாளில் அவருக்கு மட்டும் பெட்டி விழாது. இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் பாதுகாப்பு, பிறகு விசாரணை. படம் அதற்கப்புறம், தேவையென்றால். இன்னொன்று, காயம்பட்டு வந்து உட்கார்ந்தவரிடம் உடனே பென்சிலை எடுக்கக்கூடாது. அவர் சொல்லி முடிக்கட்டும். ஏற்பாட்டின் குற்றம் என்பது நியாயமான முடிவாகவே இருந்தாலும், கேட்பவர் காதில் அது "உன் வலி கணக்கில் இல்லை" என்றுதான் விழும்.

இப்போது எங்கள் தொழிற்சாலையில் புரொடக்‌ஷனும் மெயின்டனன்ஸும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாராந்தரப் பிளானைப் போடுகிறார்கள். சண்டை ஸ்டோர்ஸுக்கு இடம் மாறியிருக்கிறது. பராமரிப்பு ஒழுங்காக நடப்பதால் ஸ்பேர் தேவை கூடிவிட்டது. ஸ்டோர்ஸை அளப்பதோ கையிருப்பின் மதிப்பை வைத்து, குறைவாக வைத்திருந்தால் நல்ல பேர். வேண்டிய நேரத்தில் பேரிங் இல்லாமல் திரும்பி வந்த மெயின்டனன்ஸ் ஆட்கள், கிடைக்கிறபோது ரெண்டு மூணு கூடுதலாக வாங்கித் தங்கள் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். அப்புறம் பீரோவிலிருந்தே எடுத்துக்கொள்வதால் ஸ்டோர்ஸில் பேரிங் போகிற மாதிரியே தெரிவதில்லை. போகாத சாமானுக்கு ஏன் ஆர்டர் போட வேண்டும் என்று ஸ்டோர்ஸ் இன்னும் குறைக்கிறது. "பீரோவில எத்தனை இருக்குன்னு சொல்லட்டும், நான் வாங்கி வைக்கிறேன்" என்கிறார் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். "எப்பப் போனாலும் இருக்கும்னு அவர் சொல்லட்டும், நான் பீரோவைத் திறக்கிறேன்" என்கிறார் மெயின்டனன்ஸ் மேனேஜர். வியாழக்கிழமை இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறோம். தாளில் முதல் பெட்டியை நானே எழுதி வைத்துவிட்டேன்: "பீரோவில் உள்ள பேரிங்."